மறுபடியும் இடிப்பதா, இருப்பதற்குக் கூரை போடுவதா? சிகாகோ வைட் சாக்ஸ் முன்னால் இருக்கும் மூன்று வழிகள்

2024 செப்டம்பர் 27ஆம் தேதி இரவு. டெட்ராய்ட் மைதானத்தில் உள்ளூர் அணியான டைகர்ஸ் 4-1 என்று ஜெயித்து, பத்து ஆண்டுக்குப் பிறகு பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. எதிரே நின்று தோற்ற சிகாகோ வைட் சாக்ஸுக்கு அது அந்த சீசனின் 121ஆவது தோல்வி. 1901க்குப் பிறகான பேஸ்பாலில் ஒரே சீசனில் இத்தனை ஆட்டங்களை எந்த அணியும் தோற்றதில்லை. அதுவரை அடிமட்டமாக இருந்தது 1962இல் புதிதாகப் பிறந்த நியூயார்க் மெட்ஸ் தோற்ற 120.

அதே வாரம் சிகாகோவில் நடந்த கடைசி உள்ளூர் ஆட்டங்களில் ரசிகர்கள் எழுந்து நின்று "அணியை விற்றுவிடு" என்று உரிமையாளரைப் பார்த்துக் கோஷம் போட்டார்கள். அந்தக் கோடையில் தொடர்ந்து 21 ஆட்டங்கள் தோற்றதைச் சகித்துக்கொண்டவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டு, 2025இல், கணக்கு 60 வெற்றி, 102 தோல்வி. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் 101, 121, 102 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நூறுக்கு மேல் தோற்ற அணிக்கு அந்தச் சொல்லைச் சொல்லும்போது தொண்டையில் சிக்குகிறது.

2026 சீசன் தொடங்கப்போகும் இந்த நேரத்தில் வைட் சாக்ஸ் ரசிகர்களுக்குள் நடக்கும் சண்டை ஒன்றே ஒன்றுதான். இந்த அணியை எப்படிக் கட்டுவது? இருப்பவர்களையெல்லாம் விற்று இளம் வீரர்களைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும் என்கிறது ஒரு பக்கம். போதும், பணத்தை எடுத்து வை, வீரர்களை வாங்கு என்கிறது இன்னொரு பக்கம். அடியோடு இடிக்கவும் வேண்டாம், அள்ளி இறைக்கவும் வேண்டாம், கிளீவ்லாந்தையும் மில்வாக்கியையும் பார் என்கிறார்கள் மூன்றாமவர்கள். மூன்றுக்கும் சான்று இருக்கிறது. நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்னொரு முறை இடிப்பதற்கு நான் எதிரி.

இந்த விளையாட்டை அதிகம் பார்க்காதவர்களுக்கு அடிப்படை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஐபிஎல்லில் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மெகா ஏலம் வரும். கடைசி இடத்தில் முடித்த அணியும் கையில் பணத்தோடு புதிதாகத் தொடங்கலாம். அமெரிக்க பேஸ்பாலில் அப்படி ஒரு நாள் வருவதே இல்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் ஆடும் பையன்களை, அணிகள் வரிசைப்படி ஆள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் எடுத்து, கீழ்நிலை லீக்கான மைனர் லீக்கில் பல ஆண்டு வளர்க்க வேண்டும். அவன் மேஜர் லீக்குக்கு வந்தபின் ஆறு சீசன்கள் அணியின் பிடியில் இருப்பான். முதல் மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம்தான். 2026க்கு அது 7,80,000 டாலர். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஆறு ஆண்டு முடிந்தால் அவன் ஃப்ரீ ஏஜென்ட், யார் அதிகம் கொடுக்கிறார்களோ அங்கே போவான். அணியைக் கட்டுவது என்ற பேச்சு முழுக்க இந்த ஆறு ஆண்டுக் கடிகாரத்தைச் சுற்றித்தான்.

முதல் இடிப்பு: 2016 முதல் 2023 வரை

இதே அணி இதே வேலையை ஏற்கெனவே ஒரு முறை செய்து முடித்திருக்கிறது. அதுவும் எல்லோரும் பாராட்டும்படி செய்தது. அதனால்தான் இந்தக் கோபம் இவ்வளவு ஆழமாக இருக்கிறது.

2016 டிசம்பரில் வீரர்களை வாங்கி விற்கும் பொறுப்பில் இருந்த அன்றைய ஜெனரல் மேனேஜர் ரிக் ஹான், அணியின் உச்ச நட்சத்திரம் கிறிஸ் சேலை பாஸ்டனுக்குக் கொடுத்து யோவான் மொன்காடா, மைக்கேல் கோப்பெக் உட்பட நான்கு பேரை வாங்கினார். அதே வாரம் ஆடம் ஈட்டனை வாஷிங்டனுக்கு அனுப்பி லூகாஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோப்பஸ், டேன் டன்னிங் ஆகிய மூன்று பிட்ச்சர்கள் (பந்து வீசுபவர்கள்). 2017 ஜூலையில் ஹோசே கின்டானாவை ஊர்ப் பங்காளியான கப்ஸுக்கே கொடுத்து எலாய் ஹிமெனெஸ், டிலன் சீஸ். கியூபாவிலிருந்து லூயிஸ் ராபர்ட். நாட்டிலேயே சிறந்த இளம் வீரர் கூட்டம் இதுதான் என்று எழுதாத பத்திரிகை இல்லை.

பசங்களைக் கட்டிப்போடவும் அவர்கள் தவறவில்லை. ஹிமெனெஸ் ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே 2019இல் ஆறு ஆண்டு, 4.3 கோடி டாலர் ஒப்பந்தம். ராபர்ட்டுக்கும் அப்படியே, 2020இல் ஆறு ஆண்டு, 5 கோடி. மொன்காடாவுக்கு ஐந்து ஆண்டு, 7 கோடி. அஸ்திவாரம் கெட்டியாக இருந்தது. 2020இல் பிளேஆஃப். 2021இல் 93 வெற்றி, பிரிவில் முதலிடம்.

அப்புறம் கூரை போடவில்லை.

2019 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். மேனி மச்சாடோ ஃப்ரீ ஏஜென்ட். அவரை இழுப்பதற்காக அவருடைய மைத்துனர் யோண்டர் அலோன்சோவை டிரேட் செய்து (ஆளுக்கு ஆள் மாற்றி) எடுத்தார்கள், நண்பர் ஜான் ஜேவையும் எடுத்தார்கள். கடைசியில் சாண்டியேகோ 10 ஆண்டு, 30 கோடி டாலர் என்று உறுதியாகச் சொல்ல, வைட் சாக்ஸ் உறுதி கொடுத்தது எட்டு ஆண்டு, 25 கோடிதான். மச்சாடோ சாண்டியேகோவுக்குப் போனார். மைத்துனரும் நண்பரும் சிகாகோவில் இருந்தார்கள்.

2020 அக்டோபரில் களத்தில் அணியை நடத்தப் புதிய மேனேஜர் தேவைப்பட்டபோது, உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் தன் பழைய நண்பர் டோனி லா ருஸ்ஸாவை அழைத்து வந்தார். வயது 76, கடைசியாக ஓர் அணியை நடத்தியது 2011இல். 1986இல் அவரை வேலையை விட்டு அனுப்பியது ரைன்ஸ்டார்ஃப் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது என்பது ஊரறிந்த செய்தி. மனித மனம் புரிகிறது. ஆனால் ஒரு தலைமுறை வீரர்களின் நல்ல காலத்தை அந்த உறுத்தலைத் தீர்க்கச் செலவழித்திருக்கக் கூடாது.

2021 ஜூலையில் இரண்டாம் பேஸ் வீரர் நிக் மட்ரிகலைக் கொடுத்து பிட்ச்சர் கிரெய்க் கிம்ப்ரலை வாங்கினார்கள். கிம்ப்ரல் சொதப்பினார், மறு வசந்தத்தில் டாட்ஜர்ஸுக்குப் போனார். காலியான இரண்டாம் பேஸுக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் ஜாஷ் ஹாரிசன். அவுட்ஃபீல்டுக்குப் போதிய ஆள் வாங்காமல், முதல் பேஸில் ஆடவேண்டிய ஆண்ட்ரூ வானையும் கேவின் ஷீட்ஸையும் அங்கே ஓடவிட்டார்கள். 2021இல் பிரமாதமாக வீசிய கார்லோஸ் ரோடானைத் தக்கவைக்க ஒரு வாய்ப்பும் கொடுக்கவில்லை. காயங்களும் சேர்ந்துகொண்டன என்பது உண்மை. ஹிமெனெஸ் மார்புத் தசைநார் கிழிந்து 2021இல் பாதி சீசனை இழந்தார், ராபர்ட்டும் பல மாதங்கள் வெளியே இருந்தார். ஆனால் காயம் எல்லா அணிக்கும் வரும். பெஞ்சில் மாற்று ஆள் இருக்கிறானா என்பதுதான் கேள்வி.

இந்த அணி தன் வரலாற்றில் கொடுத்த மிகப்பெரிய ஒப்பந்தம், 2022 டிசம்பரில் ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்குக் கொடுத்த ஐந்து ஆண்டு, 7.5 கோடி டாலர். நல்ல ஆட்டக்காரர், நட்சத்திரம் அல்ல. பத்து கோடியை இந்த அணி எந்த வீரருக்கும் கொடுத்ததில்லை. சிகாகோ அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரம் என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

2022இல் 81-81. 2023இல் சரிவு. அந்த ஆகஸ்டில் ஹானும் அவருக்கு மேலே இருந்த துணைத் தலைவர் கென்னி வில்லியம்ஸும் வெளியேற்றப்பட்டார்கள். வெளியிலிருந்து யாரையும் தேடாமல், அதே அணியில் இளம் வீரர்களை வளர்க்கும் பிரிவைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ் கெட்ஸை ஜெனரல் மேனேஜர் ஆக்கினார்கள். இரண்டாம் இடிப்பு தொடங்கியது.

வழி ஒன்று: எல்லாவற்றையும் விற்று, தோற்று, டிராஃப்ட்டில் அள்ளுவது

இதை ஆதரிப்பவர்கள் முதலில் காட்டுவது ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸை. 2011இல் 106 தோல்வி, 2012இல் 107, 2013இல் 111. கார்லோஸ் கொரேயா, அலெக்ஸ் பிரெக்மன் என்று டிராஃப்ட்டில் எடுத்த பையன்கள் வளர்ந்து 2017இல் கோப்பை. அந்தக் கோப்பையில் எதிரணியின் சைகைகளைத் திருடிய கறை இருக்கிறது, அது ஒருபுறம் இருக்கட்டும். அடுத்த உதாரணம் கப்ஸ்: 2012இல் 101 தோல்வி, 2016இல் 108 ஆண்டுக்குப் பிறகு கோப்பை.

ஆனால் இந்த இரண்டு கதைகளையும் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். கப்ஸின் பையன்கள் பழுக்கத் தொடங்கிய நேரத்தில், 2014 டிசம்பரில், ஜான் லெஸ்டருக்கு ஆறு ஆண்டு, 15.5 கோடி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு பென் ஸோப்ரிஸ்ட், ஜேசன் ஹேவர்டு. கோப்பைக்கான இறுதிப் போட்டியான உலகத் தொடரில் 2016இன் சிறந்த வீரர் விருது அப்படி விலைக்கு வாங்கிய ஸோப்ரிஸ்ட்டுக்குத்தான் போனது. ஆஸ்ட்ரோஸும் 2017 ஆகஸ்ட் கடைசி நாளில் ஜஸ்டின் வெர்லாண்டரைக் கொண்டுவந்த பிறகுதான் ஜெயித்தார்கள்.

வாங்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு பால்டிமோர் இருக்கிறது. 2018இல் 115 தோல்வி, 2019இல் 108, 2021இல் 110. அட்லி ரட்ச்மன், கன்னர் ஹெண்டர்சன் என்று வைரங்களாக எடுத்தார்கள். 2023இல் 101 வெற்றி! அந்த ஆண்டு பிளேஆஃப்பில் டெக்சஸிடம் மூன்றுக்கு மூன்று தோல்வி, 2024இல் கேன்சஸ் சிட்டியிடம் இரண்டுக்கு இரண்டு தோல்வி. பிளேஆஃப்பில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் 2025இல் 75 வெற்றிக்கு இறங்கிவிட்டார்கள். கடந்த டிசம்பரில்தான் பீட் அலோன்சோவுக்கு ஐந்து ஆண்டு, 15.5 கோடி என்று பையைத் திறந்தார்கள். இரண்டு ஆண்டு முன்பே திறந்திருக்கலாம்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரியது. தோற்பதற்குக் கிடைத்த கூலியை, அணிகளும் வீரர் சங்கமும் போட்ட 2022 ஒப்பந்தத்தின் விதிகள் பறித்துவிட்டன. முன்பெல்லாம் கடைசி இடம் என்றால் அடுத்த டிராஃப்ட்டில் முதல் வாய்ப்பு உறுதி. இப்போது குலுக்கல். அதோடு, மற்ற அணிகளிடம் வருமானப் பங்கு வாங்காத பெரிய நகர அணி, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் குலுக்கலில் இடம்பெற முடியாது. 2024 டிராஃப்ட்டில் குலுக்கல் மூலம் ஐந்தாவது வாய்ப்பை எடுத்துக்கொண்டதால், 121 ஆட்டம் தோற்ற அணிக்கு 2025இல் கிடைத்தது பத்தாவது இடம். 1901க்குப் பிறகு அதிகம் தோற்றவர்களுக்குப் பத்தாவது இடம்! அந்த 121 தோல்விகளில் ஒன்றுகூட அணிக்கு எதையும் வாங்கித் தரவில்லை. பார்த்தவர்களின் மாலைப் பொழுதுகள் போனதுதான் மிச்சம்.

2026 டிராஃப்ட்டுக்கான குலுக்கலில் முதல் இடம் விழுந்திருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் இதே விதிப்படி 2027இல் மறுபடியும் பத்தாவதுக்கு மேலே போக முடியாது. இந்த விதிகள் அடங்கிய ஒப்பந்தமே 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது, அடுத்தது எப்படி இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. இந்தப் பெரிய நகர அணிக்கு இனித் தோற்பது முதலீடே அல்ல. ஆஸ்ட்ரோஸைக் காட்டி வாதாடுபவர்கள் மூடிப்போன கதவைக் காட்டுகிறார்கள்.

விற்பதே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. 2024 டிசம்பரில் கேரட் குரோஷேயை பாஸ்டனுக்குக் கொடுத்து கைல் டீல், சேஸ் மெய்ட்ராத், பிரேடன் மான்ட்கமரி, விகெல்மன் கொன்சாலஸ் ஆகியோரை வாங்கியது நல்ல வியாபாரம். டீலும் மெய்ட்ராத்தும் அடுத்த ஆண்டே மேஜர் லீக்கில் ஆடி, ஆடக்கூடியவர்கள் என்று காட்டிவிட்டார்கள். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். பாஸ்டன் சில மாதங்களிலேயே குரோஷேவுக்கு ஆறு ஆண்டு, 17 கோடி கொடுத்தது. 2025இல் அவர் 18 வெற்றி, 255 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டை பிடிப்பவரை ஆட்டமிழக்கச் செய்வது). வைட் சாக்ஸே டிராஃப்ட் செய்து, அறுவைச் சிகிச்சைக்குப் பின் காத்திருந்து வளர்த்த பிட்ச்சர் அவர். அதே 17 கோடியை சிகாகோ ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கும் ரசிகனுக்கு என்னிடம் பதில் இல்லை.

விற்பதற்கும் நேரம் உண்டு என்பதற்கு ராபர்ட் சாட்சி. 2023இல் 38 ஹோம் ரன் (சிக்ஸர் போன்ற அடி) அடித்தபோது ஊரே கேட்டது, கொடுக்கவில்லை. பிறகு காயம், சரிவு. கடந்த ஜனவரியில் மெட்ஸுக்குப் போனபோது வந்தவர்கள் லூயிஸாங்கெல் அகூன்யாவும் மைனர் லீக் பிட்ச்சர் ஒருவரும் மட்டுமே.

வழி இரண்டு: வாங்குவது

2021இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸின் கணக்கு 60-102. கடந்த ஆண்டு வைட் சாக்ஸ் முடித்த அதே எண், ஓர் ஆட்டம்கூட வித்தியாசம் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் ரேஞ்சர்ஸ் கோரி சீகருக்குப் பத்து ஆண்டு, 32.5 கோடி, மார்கஸ் செமியனுக்கு ஏழு ஆண்டு, 17.5 கோடி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு 94 தோல்வி, எல்லோரும் பேசினார்கள். அதற்கடுத்த ஆண்டு 2023, கோப்பை. சீகர் உலகத் தொடரின் சிறந்த வீரர். அந்த செமியன் யார் தெரியுமா? 2011 டிராஃப்ட்டில் வைட் சாக்ஸ் எடுத்து, சிகாகோவில் ஒரே சீசன் மட்டும் ஆடிய ஜெஃப் சமார்ஜாவுக்காக 2014இல் ஓக்லாந்துக்குக் கொடுத்துவிட்ட பையன். பதினேழு வயதில், ஒரு தொழில்முறை ஆட்டமும் ஆடாத நிலையில், ஜேம்ஸ் ஷீல்ட்ஸுக்காகக் கொடுக்கப்பட்ட ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியரை நான் இங்கே எழுத விரும்பவில்லை, எழுதாமலும் இருக்க முடியவில்லை.

டெக்சஸ் போல ஐம்பது கோடியை ஒரே வாரத்தில் இறைக்க இந்த உரிமையாளர் வரமாட்டார். சரி. அதே பிரிவில் ஆடும், சிகாகோவைவிடப் பல மடங்கு சின்ன ஊரான கேன்சஸ் சிட்டியைப் பார்ப்போம். 2023இல் ராயல்ஸ் 106 ஆட்டம் தோற்றார்கள். அந்தக் குளிர்காலத்தில் சேத் லூகோவுக்கு மூன்று ஆண்டு, 4.5 கோடி. மைக்கேல் வாக்காவுக்கு இரண்டு ஆண்டு, 3.2 கோடி. கூடவே சில்லறைச் செலவில் சிலர். பிறகு தாங்களே வளர்த்த ஷார்ட்ஸ்டாப் பாபி விட் ஜூனியருக்குப் பதினோரு ஆண்டு, 28.88 கோடி. 2024இல் 86 வெற்றி, பிளேஆஃப்பில் பால்டிமோரை வீழ்த்தினார்கள். அந்த ஆண்டு வைட் சாக்ஸுடன் மோதிய 13 ஆட்டங்களில் 12 அவர்களுக்கு.

ஒரு கூட்டல் போட்டுப் பாருங்கள். லூகோவும் வாக்காவும் சேர்ந்து 7.7 கோடி. பெனின்டெண்டி ஒருவருக்கு 7.5 கோடி. ஒரே தொகையில் ஓர் அணி தன் பந்துவீச்சின் முதுகெலும்பையே வாங்கியது, இன்னோர் அணி ஓர் இடது அவுட்ஃபீல்டரை வாங்கியது. பணம் இல்லை என்பதைவிட, இருந்த பணத்தை எங்கே வைத்தார்கள் என்பது என்னை அதிகம் எரிக்கிறது.

டெட்ராய்ட்டின் பழைய கதையும் உண்டு. 2003இல் 119 ஆட்டம் தோற்ற டைகர்ஸ், மறுமாதங்களிலேயே கேட்ச்சர் இவான் ரோட்ரிகெஸை நான்கு ஆண்டு, 4 கோடிக்கு எடுத்தார்கள். 2004 டிராஃப்ட்டில் வெர்லாண்டர். 2005இல் மாக்லியோ ஒர்டோன்யெஸுக்கு ஐந்து ஆண்டு, 7.5 கோடி. 2006இல் உலகத் தொடரில் நின்றார்கள்; அவர்களை அங்கே கொண்டு சேர்த்த ஹோம் ரன்னை அடித்தவர் ஒர்டோன்யெஸ். அவர் அதற்கு முன் ஆடிய அணி வைட் சாக்ஸ். ஒரு தோற்ற அணி 2005இல் சாதாரணமாகக் கொடுத்த தொகைதான், 2022இல் வைட் சாக்ஸின் வரலாற்றுச் சாதனை ஒப்பந்தம்.

இந்த வழிக்கு ஆபத்து இல்லாமல் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் பூஹோல்ஸுக்கு 24 கோடி, ரெண்டோனுக்கு 24.5 கோடி கொடுத்தார்கள். மைக் டிரவுட்டும் ஒஹ்தானியும் ஒரே அணியில் ஆடினார்கள். 2014க்குப் பிறகு பிளேஆஃப் பக்கமே போகவில்லை. கீழே மைனர் லீக்கில் ஆள் இல்லாமல் மேலே மட்டும் மாடி கட்டினால் அதுதான் கதி. ரேஞ்சர்ஸும் கோப்பைக்குப் பின் 78, 81 வெற்றி என்று நிற்கிறார்கள், செமியனையும் டிரேட் செய்துவிட்டார்கள். ஆனால் ஆர்லிங்டனில் ஒரு ரசிகனை நிறுத்தி, 2023 கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்டால் என்ன சொல்வான் என்பது எனக்குத் தெரியும்.

வழி மூன்று: மில்வாக்கி, கிளீவ்லாந்து

இவர்கள் அடியோடு இடிப்பதே இல்லை. நட்சத்திரத்தின் ஆறு ஆண்டுக் கடிகாரம் முடியும் முன் விற்பார்கள், வந்த பையனை மெருகேற்றுவார்கள், அடுத்த ஆண்டும் பிளேஆஃப் போவார்கள். கிளீவ்லாந்து தன் நட்சத்திரம் ஃபிரான்சிஸ்கோ லிண்டோரையே விற்றது. 2022, 2024, 2025 மூன்று ஆண்டும் பிரிவில் முதலிடம். மில்வாக்கி ஜாஷ் ஹேடர், கார்பின் பர்ன்ஸ், டெவின் வில்லியம்ஸ் எல்லோரையும் கொடுத்துவிட்டு 2025இல் 97 ஆட்டம் ஜெயித்தது, லீக்கிலேயே அதிகம்.

பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் இது திட்டத்தைவிடக் கைத்திறன். அந்தத் திறன் வைட் சாக்ஸிடம் இருக்கிறதா என்று சோதிக்க ஒரே ஒரு வீரர் போதும்: ஆண்ட்ரூ வான். 2019 டிராஃப்ட்டில் மூன்றாவது இடத்தில் எடுக்கப்பட்டவர். 2025இல் சிகாகோவில் அவர் சராசரி .189. மைனர் லீக்குக்கு இறக்கி, ஜூனில் மில்வாக்கிக்குக் கொடுத்தார்கள். அங்கே 64 ஆட்டத்தில் .308, 9 ஹோம் ரன். சில வாரங்கள்தான் இடைவெளி, அதே கை, அதே மட்டை. மாறியது சொல்லிக்கொடுத்தவர்கள் மட்டுமே. இன்னொரு பக்கம், மில்வாக்கியின் மைனர் லீக்கிலிருந்து, மற்ற அணிகள் பாதுகாக்காமல் விட்டவர்களை எடுக்கும் ரூல் 5 டிராஃப்ட்டில் எடுத்துவந்த பிட்ச்சர் ஷேன் ஸ்மித், முதல் சீசனிலேயே ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். இதில் கெட்ஸுக்குப் பாராட்டு உண்டு. பிட்ச்சர்களை வளர்ப்பதில் ஏதோ சரியாக நடக்கத் தொடங்கியிருக்கிறது. ஆனால் மட்டை பிடிப்பவர்களை வளர்ப்பதில் இன்னும் ஓர் ஆண்டுச் சான்றுதான் கையில் இருக்கிறது.

கிளீவ்லாந்து கடைசியாகக் கோப்பை வென்றது 1948இல். இன்றைய மில்வாக்கி அணி ஒரு முறையும் வென்றதில்லை. சின்ன நகரத்துக்கு வேறு வழி இல்லாததால் கண்டுபிடித்த முறை இது. சிகாகோ அதைத் தன் உச்சவரம்பாக ஏன் ஏற்றுக்கொள்ள வேண்டும்? மில்வாக்கியின் பட்டறையைக் கற்றுக்கொள்ளலாம். அதன் வறுமையைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

நான் எதைச் செய்வேன்

கேன்சஸ் சிட்டி வழிதான். கையில் இருப்பதைப் பார்த்தால் காரணம் தெரியும். 2021 டிராஃப்ட்டில் எடுத்த ஷார்ட்ஸ்டாப் கோல்சன் மான்ட்கமரி கடந்த ஜூலையில் மேலே வந்து 71 ஆட்டத்தில் 21 ஹோம் ரன் அடித்தார். டீலும் எட்கர் கேரோவும் என்று இரண்டு இளம் கேட்ச்சர்கள். ஷேன் ஸ்மித், வேகமாக வீசும் கிராண்ட் டெய்லர். கீழே நோவா ஷுல்ட்ஸ், ஹேகன் ஸ்மித், பிரேடன் மான்ட்கமரி. வரும் டிராஃப்ட்டில் நாட்டின் முதல் தேர்வு. இது இடிக்கவேண்டிய வீடு அல்ல. சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது.

டிசம்பரில் ஜப்பானிலிருந்து முனெட்டாகா முராகாமியை இரண்டு ஆண்டு, 3.4 கோடிக்கு எடுத்தபோது பல நாள் கழித்து மனம் குளிர்ந்தது. 2022இல் 56 ஹோம் ரன் அடித்தவர். அவர் ஸ்ட்ரைக்அவுட் ஆவது அதிகம், அதனால்தான் மற்றவர்கள் தயங்கினார்கள். தயங்கிய இடத்தில் துணிந்தது சரி. ஆனால் இரண்டே ஆண்டு என்பது உறுத்துகிறது. அவர் நன்றாக ஆடினால் இந்த ஊருக்கு என்ன லாபம்? 2027 ஜூலையில் இன்னும் நான்கு பையன்களுக்காக அவரையும் விற்பதற்கா? அப்படி என்றால் வாங்கியதும் விற்பதற்குத்தான். ரசிகன் சட்டையில் யார் பெயரைப் போட்டுக்கொள்வான்?

எனவே கெட்ஸிடம் நான் கேட்பது மூன்று. ஒன்று, கோல்சன் மான்ட்கமரிக்கும் டீலுக்கும் நீண்ட ஒப்பந்தம், இந்த ஆண்டே. ஒரு நல்ல சீசன் கழிந்தால் விலை இரட்டிப்பாகும். ஹிமெனெஸுக்கும் மொன்காடாவுக்கும் செய்தது கசப்பில் முடிந்தது என்பதற்காக அந்தக் கதவை மூடக் கூடாது. அன்று ஒப்பந்தங்கள் தவறில்லை, சுற்றிலும் ஆள் வைக்காததுதான் தவறு. இரண்டு, லூகோ, வாக்கா தரத்தில் இரண்டு அனுபவ பிட்ச்சர்கள், மூன்று ஆண்டுக்கு. இளம் பிட்ச்சர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தேறுவார்கள் என்று நம்பி எந்த அணியும் பிழைத்ததில்லை. அவர்களில் பாதிப் பேருக்கு முழங்கை அறுவைச் சிகிச்சை வரும் என்று கணக்குப் போட்டுத்தான் நடக்க வேண்டும். மூன்று, வீரர்களை வளர்க்கும் பிரிவுக்குப் பணம். ஒரு சாதாரண ரிலீஃப் பிட்ச்சரின் ஓராண்டுச் சம்பளத்தில் எத்தனை நல்ல பயிற்சியாளர்களை வைத்துக்கொள்ளலாம்!

உரிமையாளர் சம்மதிப்பாரா என்பதுதான் எல்லோரும் கேட்பது. 1981இல் அணியை வாங்கிய ரைன்ஸ்டார்ஃபுக்கு இப்போது 90 வயது. 2005இல் 88 ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு கோப்பையைக் கொண்டுவந்ததும் அவர் காலத்தில்தான், அதை மறக்க மாட்டேன். இன்றைய போப் லியோ அந்த உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் மைதானத்தில் உட்கார்ந்திருந்தார். அப்போது அவர் போப் அல்ல, கறுப்பு வெள்ளைச் சட்டைக்காரர்களில் ஒருவர். 2025 ஜூனில் அறிவித்த ஏற்பாட்டின்படி, அணியில் பங்கு வைத்திருக்கும் ஜஸ்டின் இஷ்பியாவுக்கு அணியை விற்கும் உரிமை ரைன்ஸ்டார்ஃபுக்கு 2029இலிருந்து 2033 வரை. அவர் விற்காவிட்டால், வாங்கிக்கொள்ளும் உரிமை இஷ்பியாவுக்கு 2034க்குப் பிறகு. அதுவரை காத்திருப்போம் என்கிறார்கள் சிலர். மான்ட்கமரியின் ஆறு ஆண்டுக் கடிகாரம் 2031இல் முடிந்துவிடும். காத்திருக்க முடியாது.

வரும் ஜூலை கடைசியில் டிரேட் கெடு நெருங்கும்போது, பிளேஆஃப் போகும் ஏதாவது ஒரு அணி ஷேன் ஸ்மித்துக்காகத் தொலைபேசியில் அழைக்கும். நல்ல பையன்கள் மூன்று பேரைத் தருவதாகச் சொல்லும். சேலுக்கும் குரோஷேவுக்கும் சொன்ன மாதிரியே சொல்லும். அந்த அழைப்புக்கு கெட்ஸ் இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, அந்த வாரமே ஓர் அவுட்ஃபீல்டரைக் கேட்டு அவரே வேறு ஊருக்கு அழைக்க வேண்டும்.